பிரவுன் மாஸ்டரின் வகுப்பில் நாங்கள் எந்த வாங்கில் இருந்தோம்?

3 ஜனவரி 2021, வாசகர் ஒருவர் கேட்டது

"ஊரடங்கில் வீட்டோடு இருக்கிறதால் 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' பழைய தொடரை யூடியூப்பில் போட்டேன். நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். இங்கே பிறந்த மகள் பத்து நிமிடத்தில் எழும்பிப் போய்விட்டாள். 'அப்பா, இவர்கள் எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்' என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வெறும் பகிடிதானே? பார்த்த ஆட்கள் சொல்லுங்கள்."

3 ஜனவரி, இரவு

மகள் சொன்னது சரி. நீங்கள் சிரித்ததிலும் கள்ளம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் எழுத எனக்கு வராது. வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் 1977 டிசம்பர் 30 அன்று தொடங்கிய தொடர். வின்ஸ் பவல் எழுதினார். 1979 வரை 29 பாகங்கள் போயின. லண்டனில் ஒரு மாலைநேரக் கல்லூரி, வெளிநாட்டுக்காரருக்கு ஆங்கில வகுப்பு. ஒக்ஸ்ஃபோர்டில் பட்டம் எடுத்த ஜெரமி பிரவுன் என்ற பொறுமைசாலி ஆசிரியர், அவர் முன்னால் பத்து மாணவர்கள். பாகிஸ்தானி, சீக்கியர், இந்தியப் பெண், சீனப் பெண், ஜப்பானியர், இத்தாலியர், கிரேக்கர், ஸ்பானியர், பிரெஞ்சுப் பெண், ஜெர்மன் பெண்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சொல், இல்லாவிட்டால் ஒரு சாமான் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். ரஞ்சித் சிங் கைகூப்பி ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்பார். அலி நதீம் எதற்கும் 'ஓ யெஸ் பிளீஸ்'. ஸ்பானியருக்கு 'போர் ஃபவோர்'. ஜப்பானியர் தலைகுனிந்து ஒவ்வொரு சொல்லுக்கும் வாலில் ஒரு 'ஓ' ஒட்டுவார். சீனப் பெண்ணின் கையில் மாவோவின் சிவப்புப் புத்தகம், வாயில் 'ர'வுக்கு 'ல'. இந்தியப் பெண் ஜமீலாவுக்கு நூலும் பின்னல் ஊசியும். பிரெஞ்சுப் பெண்ணுக்கு வாசனையும் பார்வையும் மட்டும்.

நான் இதை முதலில் பார்த்தது யாழ்ப்பாணத்தில். ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி. இலங்கைத் தொலைக்காட்சியில் இது போகும் நாளில் விறாந்தை நிறைந்துவிடும். பெரியப்பா ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். அவருக்கு மட்டும் சாய்மனைக் கதிரை, எங்களுக்குப் பாய். பிரவுன் கேள்வி கேட்டு முடிக்குமுன் பெரியப்பா சரியான விடையைச் சொல்லிவிடுவார். அலி பிழையாகச் சொல்லும்போது நாங்கள் எல்லோரும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்போம். அதாவது, எங்கள் மனதில் நாங்கள் பிரவுனின் மேசைக்குப் பின்னால் நின்றோம். அந்த வாங்குகளில், அதாவது வகுப்புப் பெஞ்சுகளில், இருந்தவர்கள் வேறு ஆட்கள் என்று நினைத்தோம்.

ஆறு வருடத்தில் நான் லண்டனில் அதே மாதிரி ஒரு வாங்கில் இருந்தேன்.

4 ஜனவரி

ஒரு திருத்தம். ரஞ்சித் சிங்காக நடித்தவரைப் பஞ்சாபி என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். பிழை. அல்பேர்ட் மோசஸ் பிறந்தது எங்கள் கம்பளையில், 1937இல். சுட்டிக்காட்டிய அக்காவுக்கு நன்றி. இத்தனை வருடம் பார்த்தும் இது எனக்குத் தெரியவில்லை என்பது மனதைக் குடைகிறது. யாழ்ப்பாணத்து விறாந்தையில் இருந்து 'அந்தச் சர்தார்ஜியைப் பார்' என்று கை நீட்டியிருக்கிறேன். தலைப்பாகைக்குள் இருந்தவர் இலங்கைக்காரர்.

6 ஜனவரி

அந்தத் திருத்தத்தோடு மற்ற நடிகர்களைப் பற்றியும் தேடிப் பார்த்தேன். இரண்டு நாளாக அதே நினைப்பு.

அலியாக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். அதே ஆண்டுகளில் பிபிசியின் இன்னொரு நகைச்சுவைத் தொடரிலும் பிரிட்டிஷ் படை முகாமில் தேநீர் விற்பவராக வந்தார். சீனப் பெண் சூ-லீயாக வந்த பிக்-சென் லிம் பினாங்கில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரி டேனியல் மொரீஷியஸில் பிறந்த பிரான்சுவாஸ் பஸ்கால். கிரேக்கர் மாக்ஸாக நடித்த கெவோர்க் மாலிக்யான் துருக்கியின் தியார்பகிரில் பிறந்த ஆர்மேனியர். ஸ்பானியராக வந்த ரிக்கார்டோ மொன்டெஸ் ஜிப்ரால்டர்காரர். இன்னார் இன்ன தேசம் என்று கதை அடித்துச் சொல்கிறது, ஆனால் பாதிப்பேருக்கு அது சொந்தத் தேசம் இல்லை. கம்பளைக்காரர் சீக்கியராகலாம், ஆர்மேனியர் கிரேக்கராகலாம். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஜமீலா விஷயம்தான் என்னை உலுக்கியது. தொடரில் அவருக்கு 'குட் ஈவினிங்' தாண்டி ஆங்கிலம் வராது. பிரவுன் என்ன கேட்டாலும் தன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டுப் பின்னிக்கொண்டிருப்பார். நடித்தவர் ஜமீலா மாசி. சிம்லாவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கிலாந்து வந்தவர். கணவர் ரெஜினால்ட் மாசியோடு சேர்ந்து இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகம் வந்தது 1976இல். அடுத்த வருடக் கடைசியில் அவர் தொலைக்காட்சியில் ஆங்கிலம் தெரியாத பெண்ணாக வாங்கில் இருக்கிறார்.

நடிப்பு என்றால் அப்படித்தானே என்று கேட்பீர்கள். சரி. ஆனால் அந்தக் காலத்தில் அவரைப் போன்ற ஒரு பெண்ணுக்கு, புத்தகம் எழுதுகிற ஒரு இந்தியப் பெண்ணின் வேடம் எத்தனை தொடரில் கிடைத்திருக்கும்? நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதை உடைத்து உடைத்துப் பேசினால்தான் சம்பளம். இதை யாராவது அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்களா தெரியாது. சொல்லாமலே விளங்கியிருக்கும்.

9 ஜனவரி, அதிகாலை

நான் லண்டனில் போன ஆங்கில வகுப்பைப் பற்றிச் சொல்ல நினைத்து இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். இன்று தூக்கம் வரவில்லை.

1988 இறுதியில் வந்தேன். 1985இலிருந்து இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் வந்த கதை வேறு, அது இங்கே வேண்டாம். வந்த மூன்றாம் மாதம் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. இரவு பத்துக்குப் பிறகு கதவைப் பூட்டிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகரத் தட்டு வழியாகத்தான் காசு வாங்கல், மிச்சம் கொடுத்தல். முதல் கிழமை. ஒரு வெள்ளைக்காரர் பத்துப் பவுண் தாளைத் தட்டில் வைத்தார். மிச்சத்தைத் தள்ளினேன். எடுத்துக்கொண்டு 'டா' என்றார்.

'தா' என்று என் காதில் விழுந்தது.

எவ்வளவு தர வேண்டும்? கணக்கில் பிழை விட்டேனா? இன்னும் ஒரு பவுணைத் தட்டில் தள்ளினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு திரும்பத் தள்ளினார். மறுபடியும் 'டா' என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. பவுணை மீண்டும் அவர் பக்கம் தள்ளினேன். அவர் கையை அசைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அந்த ஒரு பவுண் விடியும் வரை தட்டிலேயே கிடந்தது. 'டா' என்றால் இங்கே நன்றி என்று வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

வகுப்பு கிழமையில் இரண்டு மாலை. இரவு வேலைக்குப் போகும் வழியில். ஒரு சோமாலியர், இரண்டு துருக்கியர், ஹொங்கொங்கில் இருந்து ஒரு அம்மா, ஒரு கொலம்பியப் பெண், வங்காளதேசத்துச் சில்ஹெட்டில் இருந்து இரண்டு பெண்கள், எங்கள் ஆட்கள் மூன்று பேர். ரீச்சர் ஐம்பது வயதுப் பெண். வேலைத்தலத்தில் விளங்காத ஒரு சொல்லைக் கொண்டு வாருங்கள் என்றார். நான் 'டா'வைக் கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கதையைச் சொன்னேன். தட்டைக் காட்ட மேசையில் கொப்பியை வைத்து இங்கும் அங்கும் தள்ளினேன். வகுப்பே சிரித்தது, ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் நினைவு. கரும்பலகையில் அந்தச் சத்தத்தை எழுதினார். பக்கத்தில் 'தமிழ்: கொடு' என்று எழுதினார். 'மற்றவர்கள் மொழியில் இந்தச் சத்தத்துக்கு என்ன பொருள்?' என்றார். ஹொங்கொங் அம்மா தனக்கு மண்டரினும் கொஞ்சம் தெரியும், அதில் 'தா' என்றால் 'அவன்' என்றார். பலகையில் ஏறியது. அன்றைக்கு அரைமணி நேரம் ஒரே ஒரு சத்தம்தான் பாடம்.

சிரிப்பு அங்கேயும் இருந்தது. தொடரில் இருப்பதைவிடக் கூடவே இருந்தது. ஆனால் பகிடியைக் கொண்டுபோனவன் நான். சொன்னவனும் நான். அதனால் அது என்னைக் குத்தவில்லை.

9 ஜனவரி, மாலை

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடரில் மாணவர் பிழை விட்டவுடன் சிரிப்பு வருவது வகுப்புக்குள் இருந்து இல்லை. ஸ்டூடியோவில் இருந்த பார்வையாளரிடமிருந்து. அவர்கள் படத்தில் தெரிவதே இல்லை. சத்தம் மட்டும் வரும். பெரியப்பா வீட்டு விறாந்தையில் நாங்களும் அதே சத்தத்தோடுதான் சேர்ந்து சிரித்தோம்.

15 ஜனவரி

'எல்லா நாட்டுக்காரரையும்தானே கேலி பண்ணினார்கள், வெள்ளைக்காரரையும் விடவில்லையே' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இது பழைய வாதம். நானும் வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பாருங்கள். பிரெஞ்சுக்காரியைப் பற்றிய பகிடி அவள் அழகி என்பது. ஜெர்மன்காரியைப் பற்றிய பகிடி அவள் ஒழுங்குக்காரி, பலசாலி என்பது. இத்தாலியன் சமையல்காரன், வாயாடி, பெண்களுக்குப் பின்னால் போகிறவன். இந்தப் பகிடியோடு அவர்கள் வெளியே தெருவில் இறங்கினால் ஒன்றும் ஆகாது. அலியும் ரஞ்சித்தும் ஜமீலாவும் இறங்கினால்?

தொடர் தொடங்கும்போது லண்டன் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1977 ஆகஸ்ட் 13, லூயிஷமில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற வெள்ளை இனவாதக் கட்சியின் ஊர்வலம், தெருச்சண்டை. 1978 ஜனவரியில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மார்கரட் தட்சர் தொலைக்காட்சிப் பேட்டியில் வேறு பண்பாட்டு ஆட்களால் இந்த நாடு மூழ்கிவிடுமோ என்று சனம் பயப்படுகிறது என்றார். அதே வருடம் மே 4 அன்று தையல் வேலை முடிந்து வந்த வங்காளி இளைஞர் அல்தாப் அலியை வைட்சப்பலில் குத்திக் கொன்றார்கள். அங்கே இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. எத்தனை தடவை அதைக் கடந்து பஸ்ஸில் போயிருக்கிறேன்.

ஜமீலாவுக்கு வருகிறேன். தொடர் வந்த அதே நாட்களில் வட லண்டன் வில்ஸ்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1976 ஆகஸ்டில் தொடங்கி 1978 ஜூலை வரை. முன்னுக்கு நின்றவர் ஜயாபென் தேசாய். குஜராத்தில் பிறந்து கிழக்கு ஆபிரிக்கா வழியாக வந்த பெண். ஐந்தடி உயரம்கூட இல்லை. சேலைக்கு மேலே கோட், கையில் பை, முன்னால் பொலிஸ் வரிசை. அவரோடு நின்றவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்ற பெண்கள்தான். மானேஜருக்கு முன்னால் நின்று எதிர்த்துப் பேசியவர்கள். அதையும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

அந்தப் பெண்கள் செய்தியில் வந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு நகைச்சுவைத் தொடரில் வந்தது பின்னல் ஊசி மட்டும். வின்ஸ் பவல் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னல் ஊசியை எழுதுவது சுலபம். பார்க்கிறவருக்கு முன்பே தெரிந்த ஒன்றைத் திரும்பக் காட்டினால் சிரிப்பு உடனே வரும்.

17 ஜனவரி

பதினைந்தாம் திகதி எழுதியதில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். நேற்று மூன்று பாகம் திரும்பப் பார்த்தேன்.

ஆங்கிலேயரையும் அந்தத் தொடர் கிண்டல் பண்ணுகிறது, மேலோட்டமாக இல்லை. அதிபர் மிஸ் கோர்ட்னி (ஸாரா நட்லி) கதவைத் திறந்து வரும்போதெல்லாம் பிழையான நேரத்தில்தான் வருவார். ஆண்கள் நல்ல ஆசிரியர் ஆக மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. எனக்குப் பிடித்தது கல்லூரிக் கட்டடத்தைப் பராமரிக்கும் சிட்னி. டொமி கொட்ஃப்ரி நடித்தது. அவர் பேசுவது கிழக்கு லண்டன் கொக்னி. படிக்கட்டுக்கு, அதாவது 'ஸ்டேர்ஸ்'க்கு, எதுகையாக 'ஆப்பிள்ஸ் அண்ட் பெயர்ஸ்' என்கிற பேச்சு. பிரவுன் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற ஆங்கிலம் ஒன்று, கதவுக்கு வெளியே அந்த ஊர்க்காரரே பேசுகிற ஆங்கிலம் வேறொன்று. மாணவர் விழிக்கிறார்கள்.

இது உண்மையான பகிடி. என் 'டா' கதையும் இதே வகைதான். யாழ்ப்பாணத்தில் பெரியப்பா சொல்லித்தந்த ஆங்கிலத்தில் 'தாங்க் யூ வெரி மச்' இருந்தது, 'டா' இருக்கவில்லை. பத்தாம் வகுப்புவரை நான் வாங்கிய புள்ளிகளை வைத்து அந்தத் தகரத் தட்டில் ஒன்றும் செய்ய முடியவில்லை. வின்ஸ் பவலுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதைச் சிட்னியோடு நிறுத்திவிட்டாரே என்பதுதான் என் கவலை. நூறு பகிடியில் பத்துப் பகிடியாவது அந்தப் பக்கம் போயிருந்தால் தொடரின் நிறமே மாறியிருக்கும்.

18 ஜனவரி

பெயரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆம், எனக்கும் நடந்தது. பெற்றோல் நிலையத்தில் என் பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். சட்டையில் குத்தும் அட்டையிலும் அவ்வளவுதான் அச்சடித்துத் தந்தார்கள். வகுப்பு ரீச்சர் மட்டும் முழுப்பெயரையும் அசை அசையாகப் பிரித்து எழுதி, 'ழ'வுக்கு நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு, வீட்டில் பழகிக்கொண்டு வந்தார். மூன்றாம் கிழமை சரியாகச் சொன்னார். வகுப்பு கை தட்டியது.

தொடரில் பிரவுன் ஒருநாளும் மாணவரிடமிருந்து ஒரு சொல்கூடக் கற்றுக்கொள்வதாக எனக்கு நினைவில்லை. யாருக்காவது நினைவிருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

22 ஜனவரி

பார்வையாளர் குறைந்ததால் நிறுத்தினார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே நிறுத்தினார்கள். லண்டன் வீக்கெண்டில் அப்போது நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த மைக்கல் கிரேட், இந்த இனக் கேலி சரியில்லை என்று முடிவெடுத்தார். அதாவது இது இன்றைய பிள்ளைகளுக்கு மட்டும் வந்த ரோஷம் இல்லை. 1979இலேயே, உள்ளே இருந்த ஒரு வெள்ளைக்காரருக்கே உறுத்தியிருக்கிறது. 'அந்தக் காலத்தில் யாரும் தப்பாக நினைக்கவில்லை' என்று எழுதிய தம்பி இதைக் கவனிக்க வேண்டும். நினைத்தார்கள். கேட்கத்தான் ஆட்கள் குறைவு.

1986இல் திரும்ப எடுத்தார்கள், 13 பாகம். டினோ ஷஃபீக் 1984இலேயே இறந்துவிட்டார், வயது 53தான். பழைய முகங்களில் வேறு சிலரும் இல்லை. நான் இரண்டு பாகம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதே 1986இல் அமெரிக்காவிலும் 'வாட் எ கன்ட்ரி' என்ற பெயரில் இதைத் தழுவி எடுத்தார்கள். ஒரே பருவம்.

இந்தியப் பதிப்பைப் பற்றித்தான் கொஞ்சம் கூட எழுத வேண்டும். 1993இல் தூர்தர்ஷனில் 'ஸபான் சம்பால்கே'. பங்கஜ் கபூர் ஆசிரியர். அங்கே கற்பிப்பது ஹிந்தி. வகுப்பில் தென்னிந்தியர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் இருந்து ஒரு வாசகர் தனிச்செய்தியில் சொன்னதை அவர் அனுமதியோடு போடுகிறேன். பிள்ளையாக இருந்தபோது ஆங்கிலத் தொடரைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்தாராம். டெல்லியில் வேலைக்குப் போன பிறகு நண்பர்கள் அறையில் ஹிந்தித் தொடரைப் பார்த்தபோது, அந்தத் தென்னிந்தியர் வாயைத் திறந்த உடனே எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்களாம். இவரும் சிரித்தாராம். சிரிக்காமல் எப்படி இருப்பது என்று கேட்கிறார்.

இதைப் படித்தபோது விறாந்தையில் நாங்கள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மொழி மாறினால் போதும், வாங்கில் இருப்பவரும் மாறிவிடுகிறார். சென்னையில் இருக்கும்போது அவரும் மேசைக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார்.

23 ஜனவரி

இல்லை, 'தடை செய்ய வேண்டும்' என்று நான் எங்கேயும் எழுதவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

30 ஜனவரி

இப்போது மற்றப் பக்கம். மூன்று கிழமையாக ஒரே குறையாக எழுதுகிறேன், ஆனால் ஒவ்வொரு இரவும் ஒரு பாகம் போட்டுப் பார்க்கிறேன். மனதுக்கு வெறுப்பாக இருந்தால் பார்க்க மாட்டேனே.

என்ன பிடிக்கிறது? அலியும் ரஞ்சித்தும். முதல் பாகத்தில் மதத்தைச் சொல்லி அடித்துக்கொள்ளப் போகிறார்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒருவர் பிழையை மற்றவர் திருத்துகிறார், அதுவும் பிழையாக. பிரவுனுக்கு வேலை போகும்போல் இருந்தால் வகுப்பு முழுக்க அவருக்காக நிற்கும். பிரவுனாக நடித்த பாரி எவன்ஸின் முகத்தில் ஒரு மென்மை இருக்கிறது. மாணவர் சொதப்பும்போது அவர் கண்ணை மூடித் திறப்பாரே தவிர அவமானப்படுத்த மாட்டார். நல்ல ஆசிரியர் முகம். அவரும் பிற்காலத்தில் நடிப்பு வாய்ப்பு இல்லாமல் டாக்ஸி ஓட்டினார். 1997இல் இறந்தார். எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அதே வருடங்களில் மினிகாப் ஓட்டினார்கள்.

எங்கள் வகுப்பிலும் இதே அன்பு இருந்தது. சோமாலியருக்கு அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டுக் கடிதம் வந்த அன்று ரீச்சர் பாடத்தை நிறுத்தினார். அந்தக் கடிதத்தையே பாடமாக எடுத்தார். ஒவ்வொரு வரியாக வாசித்து, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எந்தத் திகதிக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும் என்று எழுதினோம். 'ரெக்ரெட்' என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் படித்தேன். வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டுத் துரத்துவார்கள் என்று துருக்கியர் ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பிரவுனின் வகுப்பில் இப்படி ஒரு கடிதத்தோடு வருகிற மாணவரை நான் பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் சமையல்காரர், மதுக்கடைப் பரிமாறுபவர், வீட்டுவேலைப் பெண்கள், தூதரகத்தில் வேலை செய்பவர். அலிக்கு வேலை இல்லை, அதுவும் பகிடி. வகுப்பு முடிந்து அவர்கள் எந்த அறைக்குப் போய் என்ன சமைத்தார்கள், யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பதைக் காட்டக் கமரா பெரும்பாலும் வெளியே போகவில்லை. எனக்கு உச்சரிப்புப் பகிடிகூட அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியவில்லை. எங்கள் ரீச்சரே என் 'ப'வையும் 'ஃப'வையும் பார்த்துச் சிரித்திருக்கிறார். ஆனால் அவருக்கு என் இரவு வேலை தெரியும். ஒன்பது மணிக்கு நான் கொட்டாவி விட்டால் ஏன் என்று தெரியும்.

2 பெப்ரவரி

ஜனவரி மூன்றாம் திகதி எழுதியதில் 'ஆறு வருடத்தில்' என்று போட்டது கணக்குப் பிழை. நான் தொடரைப் பார்த்தது 1984 அளவில். வகுப்பு 1989. ஐந்து.

7 பெப்ரவரி

கேள்வி கேட்ட அண்ணர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார், எல்லோரும் படித்திருப்பீர்கள். மகளிடம் இந்தக் குறிப்புகளை வாசித்துக் காட்டினாராம். 'அப்பா, நீங்கள் வந்த புதிதில் எந்த வகுப்புக்குப் போனீர்கள்?' என்று கேட்டாளாம். இருபத்தைந்து வருடத்தில் அவள் அதைக் கேட்டதும் இல்லை, இவர் சொன்னதும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கதைத்தார்களாம். எனக்கு இதைப் படித்துவிட்டு வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

14 பெப்ரவரி

நேற்று மனைவியையும் பக்கத்தில் இருத்திப் பார்த்தேன். அவர் 1994இல் வந்தவர். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பெண்களுக்கான காலை வகுப்புக்குப் போனவர். இதுவரை இந்தத் தொடரைப் பார்த்ததில்லை. அவர் வீட்டில் அப்போது மின்சாரமே இருக்கவில்லை.

அவர் சிரித்தது இரண்டே இடத்தில். இரண்டும் சிட்னி வரும்போது. மற்ற நேரமெல்லாம் ஜமீலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அலி பேசும்போதும், பிரவுன் பலகையில் எழுதும்போதும், ஓரத்தில் அந்தக் கை ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினார். நான் அதுவரை கவனித்ததில்லை. என் கண் எப்போதும் பேசுகிறவர் மேல்தான் போயிருக்கிறது. 'உண்மையாகவே பின்னுகிறா, நடிக்கவில்லை, பாருங்கோ நூல் குறையுது' என்றார்.

பாகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கேட்டார்: 'ஆருக்குப் பின்னுகிறா எண்டு அந்த வாத்தியார் ஒரு நாளாவது கேட்டவரோ?'

நான் இந்த முறை பார்த்த பதினெட்டில் இல்லை. இன்னும் பதினொரு பாகம் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.